அப்பாவுக்குக் கேட்காத கீபோர்டு

எங்கள் பேண்டின் ஐந்தாவது ஆல்பத்தைத் தெரிந்தவர்கள் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். கொஞ்சம் நெருக்கி உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அவர்களில் யாராவது என்னைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டால் விடமாட்டார்கள். தலையில் முடி போயிருக்கும், வயிறு முன்னால் வந்திருக்கும், ஆனால் பனியனில் வின்டர்ப்ரிட்ஜ் என்ற எங்கள் பேண்டின் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கும். "அதுதாங்க உங்க உருப்படியான ஆல்பம். ஜனங்கதான் கண்டுக்கல" என்பார்கள். நான் சிரித்துவைப்பேன். ஸ்வீடனில் விற்ற பிரதியில் என் பெயர் நன்றி சொல்லும் இடத்தில் இருக்கிறது, ஸ்டூடியோவில் எங்களுக்கு சூப் வைத்துக் கொடுத்த அம்மாளுக்கு அடுத்தபடியாக. அந்த அம்மாளின் சூப்பாவது போய்ச் சேரவேண்டிய வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் ஸ்தாஃபன். அந்த பேண்டில் கீபோர்டு வாசித்தவன். நாங்கள் ஸ்வீடனில் ஹெர்னோசாந்த் ஊர்க்காரர்கள். ஊரில் கடல் உண்டு, குளிர் உண்டு, வேறு வேலை கிடையாது. அதனால் பள்ளிக்கூடத்து அடித்தளத்தில் பேண்டு ஆரம்பித்தோம். கிடார் வாசித்த தூர்த் என் வகுப்புத் தோழன். பிறகு என் தங்கை மாரித்தைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையும் ஆனான். பாடகன் கோன்னி. கண்ணாடியைக் கண்டால் நின்றுவிடுவான். பேஸும் டிரம்ஸும் வாசித்த இருவரும் நல்லவர்கள், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர்கள். அதனால்தான் அவர்கள் இந்தக் கதையில் அதிகம் வரமாட்டார்கள்.

எங்கள் இசை கிடார் கத்துகிற வகைதான், ஆனால் பாட்டு இனிக்கும். கோரஸ் வந்தால் பெட்ரோல் போடுகிறவன்கூடச் சேர்ந்து பாடுவான். அந்த இனிப்புக்குப் பொறுப்பு நான். எண்பதுகளில் எங்கள் இரண்டாவது ஆல்பம் இங்கேயும் ஜப்பானிலும் நன்றாக ஓடியது. தொண்ணூறு தாண்டியதும் அமெரிக்காவிலிருந்து கட்டம்போட்ட சட்டைக்காரர்கள் வந்தார்கள். தலை சீவாமல், முகம் கழுவாமல், சோகமாகப் பாடினார்கள். உலகமே அவர்கள் பின்னால் போய்விட்டது. நாங்கள் வாங்கி வைத்திருந்த ஹேர்ஸ்ப்ரே எல்லாம் மாரித்தின் குளியலறையில் துருப்பிடித்துக் கிடந்தது. நாலாவது ஆல்பம் வந்ததே எங்கள் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. தொண்ணூற்று மூன்றில் ஐந்தாவதைப் பதிவு செய்தபோது, இதுவும் போனால் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு என்னுடையது. எங்கள் அப்பா ஏவால்ட் காகித மில்லில் மெஷின் ஹாலில் வேலை பார்த்தவர். நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போது இரவு ஷிஃப்ட் முடித்து, காலையில் நாங்கள் பள்ளிக்குப் போகும் நேரத்தில் சைக்கிளில் வருவார். எங்களைப் பார்த்து மணியடிப்பார், நிற்கமாட்டார். நின்றால் தூங்கிவிடுவாராம். அந்தச் சைக்கிள் வருகிற மாதிரி ஒரு சின்ன மெட்டு எனக்குக் கீபோர்டில் அகப்பட்டது. அதை வைத்து 'மூன்றாம் ஷிஃப்ட்' என்று ஒரு பாட்டு செய்தேன். கீபோர்டு தனியாக ஆரம்பிக்கும், பிறகு மற்றவர்கள் வந்து சேர்வார்கள்.

அப்பாவுக்கு எங்கள் இசை பிடிக்காது. பிடிக்காது என்று சொன்னதும் கிடையாது. அவர் மில்லின் ஆண்கள் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவர். கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக வசந்தகாலத்தின் முதல் நாளில் குளிரில் நின்று பாடினால்தான் அவருக்கு வருஷமே தொடங்கும். பேண்டைப் பற்றிக் கேட்டால், "நல்லா சத்தமா இருக்கு" என்பார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான். அதனால் அந்த வசந்தத்தில் அவரிடம் போய், புது ஆல்பத்தில் ஒரு பாட்டு உங்களைப் பற்றியது என்று சொன்னேன். அவர் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, எந்த ஊரில் முதலில் வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு முப்பத்து மூன்று வயது. அவர் அப்படிக் கேட்டதும் பத்து வயதுப் பையனைப் போல ஊர்ப் பெயரையும் தேதியையும் இரண்டு தடவை சொன்னேன்.

கோடைக்கு எங்கள் நாட்டில் பேண்டுகள் ஊர்ப் பூங்காக்களைச் சுற்றும். ஒவ்வொரு ஊரிலும் பிர்ச் மரங்களுக்கு நடுவே ஒரு மேடை, நடனத்துக்கு ஒரு பலகைத் தளம், சாசேஜ் விற்கிற ஒரு ஜன்னல் இருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்கு வாசிக்க ஆரம்பித்தாலும் வெயில் மூஞ்சியில் அடிக்கும். ஆல்பம் செப்டம்பரில் வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் பூங்காக்களில் புதுப் பாட்டுகளை வாசித்து ஜனங்களைப் பழக்குவது என்று ஆல்பம் போடுகிற கம்பெனி சொல்லியிருந்தது. ஒத்திகையில் தூர்த், மூன்றாம் ஷிஃப்ட்டின் தொடக்கத்தில் தானும் கிடாரில் அதே மெட்டை வாசிப்பதாகச் சொன்னான். திறந்த வெளியில் கீபோர்டு மட்டும் ஆரம்பித்தால் காற்றில் போய்விடுமாம். சரி, நம் மாப்பிள்ளை நம் பாட்டுக்கு முட்டுக்கொடுக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன்.

மேடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாசிக்கிறவனுக்கு ஜனங்கள் கேட்பது கேட்காது. பெரிய ஸ்பீக்கர்கள் ஜனங்களைப் பார்த்து நிற்கும். நமக்கு நம் காலடியில், நம்மைப் பார்த்து ஒரு சின்ன ஸ்பீக்கர். அதில் நம்முடையது சத்தமாக வரும். வெளியே என்ன போகிறது என்பதை, கூட்டத்தின் பின்னால் ஒலிப்பலகையோடு உட்கார்ந்திருக்கும் ஒலிக்காரர்தான் முடிவு செய்வார். எங்கள் ஒலிக்காரர் ரெய்னே. பல வருஷமாக எங்களோடு வருகிறவர். அவரைச் சந்தேகப்படுகிற மேடைக்காரன் வாசிக்கவே முடியாது.

முதல் பூங்கா நிகழ்ச்சிக்கு மாரித் அப்பாவைக் காரில் அழைத்து வந்து முன்வரிசை பெஞ்சில் உட்காரவைத்தாள். தெர்மோஸில் காபி, டப்பாவில் இலவங்கப்பட்டை போட்ட ரொட்டி. மூன்றாம் ஷிஃப்ட்டை நான் உயிரைக் கொடுத்து வாசித்தேன். முடிந்ததும் கீழே ஓடினேன். அப்பா ரொட்டித் துணுக்கைச் சட்டையிலிருந்து தட்டிக்கொண்டே, "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நீ எப்போ வாசிச்ச?" என்றார்.

கோன்னி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. மாரித் அவர் தோளில் கைபோட்டு, "அப்பா, உங்க காது மில்லோடயே ரிட்டையர் ஆயிடுச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். தூர்த்தும் சிரித்தான். அப்பாவும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

மெஷின் ஹாலில் அத்தனை காலம் இருந்தவருக்குக் காது மந்தம் என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கதவைத் தட்டினால் இரண்டு தரம் தட்டவேண்டும், வானொலியைச் சத்தமாக வைப்பார், அவ்வளவுதான் அதுவரை. இப்போது பெற்ற மகன் வாசிப்பதே கேட்கவில்லை என்றால் சும்மா விடலாமா? நானே காது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மருத்துவப் பெண் சத்தம் புகாத பெட்டிக்குள் உட்காரவைத்துச் சோதித்தாள். மேல் ஸ்தாயியில்தான் குறை, மற்றபடி வயதுக்குப் பரவாயில்லை என்றாள். இருந்தாலும் காதுக்குக் கருவி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். திரும்பி வரும்போது காரில் அவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டே வந்தார். திருப்பத்தில் நான் விளக்குப் போட்டதும், "இது எப்பவும் இப்படி டிக்கு டிக்குன்னு அடிக்குமா?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூலையில் வேறொரு ஊர்ப் பூங்காவுக்குக் கருவியோடு வந்தார். அதே முன்வரிசை, பக்கத்தில் மாரித். நிகழ்ச்சி முடிந்து நான் இறங்கி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குருவி கேட்டுச்சு. பின்னாடி ஒரு பொம்பளை மூக்குச் சிந்துனது கேட்டுச்சு. தூர்த்து வாசிச்சது அத்தனையும் கேட்டுச்சு. உன்னது மட்டும் கேக்கலப்பா."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தான் ஏதோ உடைத்துவிட்ட மாதிரி சொன்னார். பேட்டரி தீர்ந்திருக்கும் என்றாள் மாரித். கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அப்பா மேல்தான் கோபம் வந்தது. குருவி கேட்கிறதாம், மூக்குச் சிந்துவது கேட்கிறதாம், நான் மட்டும் கேட்கவில்லையாம். கேட்க மனமில்லை என்பதை இப்படிச் சொல்கிறார் என்றுகூட நினைத்தேன். அன்று அவருக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர் பாடகர் குழுவிலிருந்து விலகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தொப்பியையும் கோட்டையும் துவைத்து இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். குழுத்தலைவர் வீட்டுக்கே வந்து கெஞ்சியிருக்கிறார். பெற்ற பிள்ளை வாசிப்பதே கேட்கவில்லை, பக்கத்தில் நிற்கிறவன் சுருதி எங்கே கேட்கப் போகிறது, நான் தப்பாகப் பாடி எல்லோரையும் கெடுப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். நான் மாரித்திடம் வருத்தப்பட்டுச் சொன்னேன். அவள் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வயசாகிவிட்டதில்லையா என்றாள், திரும்பாமல்.

ஆகஸ்ட்டில் கோடையின் கடைசி நிகழ்ச்சி எங்கள் ஊர்ப் பூங்காவில் நடந்தது. நல்ல கூட்டம். அப்பா வரவில்லை என்றுதான் சொல்லியிருந்தார், ஆனால் மேடையேறிப் பார்த்தால் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் ஷிஃப்ட் தொடங்கியது. சைக்கிள் மெட்டை ஒரு சுற்று வாசித்திருப்பேன். பின்னால் நகர்ந்தபோது என் செருப்பில் வயர் மாட்டி, கீபோர்டின் பிளக் பிடுங்கிக்கொண்டது. அதன் விளக்குகள் அணைந்தன. என் காலடி ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

மேடைக்காரனுக்கு இதைவிடக் கெட்ட கனவு கிடையாது. குனிந்து பிளக்கைத் தேடினேன், கிடைக்கவில்லை. ரெய்னேவைப் பார்த்துக் கையை ஆட்டினேன், கீபோர்டைக் காட்டினேன், கழுத்தில் கத்தி வைப்பதுபோல விரலால் இழுத்துக் காட்டினேன். ஒரு வாத்தியம் செத்துவிட்டால் வாசிக்கிறவனுக்கு முன்னால் ஒலிக்காரருக்குத் தெரிந்துவிடும். ரெய்னே தூரத்தில் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எல்லாம் அருமையாகப் போகிறது என்று அர்த்தம்.

கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு முகமும் மாறவில்லை. பிளக்கைத் தேடுவதை விட்டுவிட்டேன். கீபோர்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, பக்கவாட்டுப் படிகளில் இறங்கி, கூட்டத்தின் முன்னால் நடந்துபோய் அப்பா பக்கத்தில் நின்றேன். பாட்டின் நடுவில் மேடையிலிருந்து ஒருவன் இறங்கி நடக்கிறான், இரண்டு பெண்கள் மட்டும் வழிவிட்டார்கள். சாசேஜ் வாங்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அங்கே நின்று என் பாட்டை முதல் தடவையாக ஜனங்கள் கேட்கிற மாதிரி கேட்டேன். என் மெட்டைத் தூர்த்தின் கிடார் வாசித்துக்கொண்டிருந்தது. கோன்னி என் அப்பாவைப் பற்றிக் கண்ணை மூடிப் பாடினான். எந்த ஓட்டையும் இல்லை. நான் இல்லாத இடம் என்று ஒன்று அந்தப் பாட்டில் இல்லவே இல்லை. அப்பா என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார்.

நேராக ரெய்னேவிடம் போனேன். பலகையில் ஒவ்வொருவருக்கும் சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு தள்ளுகட்டை உண்டு, கீழே வெள்ளை டேப்பில் பெயர் எழுதியிருக்கும். என் பெயர் எழுதிய கட்டை அடியோடு அடியாகக் கிடந்தது. அது ஏறி இறங்கிய தடமே இல்லை, மேலே தூசு படிந்திருந்தது. ரெய்னே பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "என்னைக் கேக்காதீங்க அண்ணே. உங்க மாப்பிள்ளையைக் கேளுங்க" என்றார்.

மேடைக்குப் பின்னால் எங்கள் பஸ் நின்றிருந்தது. நிகழ்ச்சி முடியும்வரை நான் அதில் உட்கார்ந்திருந்தேன், தூர்த் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஏறினான். என்னைப் பார்த்ததுமே துண்டைக் கீழே வைத்துவிட்டான். எப்போதிலிருந்து என்று கேட்டேன். சீஸன் தொடக்கத்திலிருந்தே என்றான். கம்பெனியின் உத்தரவாம். கீபோர்டு காதில் விழுந்தாலே ரேடியோக்காரன் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறானாம், எண்பதுகளின் வாடை அடிக்கிறதாம்.

"அப்ப ஆல்பம்?"

அவன் உட்கார்ந்துவிட்டான். ஆல்பத்துக்கு இரண்டு மிக்ஸிங் செய்திருக்கிறார்கள். ஜப்பான்காரர்களுக்கு இன்னமும் எங்கள் பழைய இனிப்புதான் வேண்டும், அவர்களுக்குப் போகிற பிரதியில் நான் இருக்கிறேன். இங்கேயும் ஐரோப்பாவின் மற்ற இடங்களிலும் விற்கிற பிரதியில் என் கட்டையைக் கீழே இறக்கிவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க ஸ்டூடியோவில் நான் வாசித்ததற்கு, கண்ணாடிக்குப் பின்னால் நின்று கைதட்டியவன் இவன். ஒரு இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தபோது, இன்னும் ஒரு தடவை, இன்னும் நன்றாக வரும் என்று உற்சாகப்படுத்தியவனும் இவன்தான்.

"சரி, வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்க. என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே. எதுக்குடா மேடையில உக்கார வெச்சீங்க?"

"நவம்பர்ல ஜப்பான் போறோம்ல மச்சான். இப்பவே சொன்னா நீ கோவிச்சுக்கிட்டுப் போயிடுவ. அங்க நீ இல்லாம வாசிக்க முடியாது."

"அதுவரைக்கும் அடுப்பு ஓரத்துல சூடு ஆறாம வெச்சிருந்தீங்க."

"அப்படி இல்ல."

"வேற எப்படி?"

அவன் துண்டை எடுத்து மடித்தான். பின்சீட்டில் கோன்னி கண்ணாடியைப் பார்த்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் வழக்கம்போலத் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். இவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஊர் ஊராக ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் இன்று உன் வாசிப்பு பிரமாதம் என்று என் முதுகில் தட்டியிருக்கிறார்கள். காற்றை வாசித்தவனின் முதுகில்.

அப்போதுதான் மாரித் அப்பாவின் தெர்மோஸோடு பஸ் படியில் ஏறினாள். பாதிப் பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும், அப்படியே நின்றுவிட்டாள். உனக்கும் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தில் இருந்தது. எனக்கு முதலில் பெஞ்சு ஞாபகம் வந்தது, அப்புறம் அப்பாவின் தோளில் இருந்த அவள் கை.

"அப்பாகிட்ட காது போச்சுன்னு சொன்னியே, மாரித்."

"அண்ணே, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அவர் பட்டுன்னு கேட்டுட்டார். எனக்கு வாய்ல வந்ததைச் சொன்னேன்."

"ஜூலையில?"

"அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"குழுவை விட்டுட்டார். தொப்பியக் குடுத்துட்டார். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

"தூர்த்துக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. உனக்குக் குடும்பம் இல்ல, உனக்குப் புரியாது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. என்னை ஏமாற்றியதைக்கூட விடலாம், பேண்டு என்றால் ஒருவன் காலை ஒருவன் வாரத்தான் செய்வான். நல்ல காதோடு இருந்த மனுஷனை அவர் காதையே நம்பாமல் செய்துவிட்டார்கள். அதற்குக் கருவி வாங்கி மாட்டிவிட நான் போனபோதும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூர்த்திடமிருந்து ஆல்பத்தின் காசெட்டை வாங்கிக்கொண்டேன். அன்றிரவு என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்து முழுதும் கேட்டேன். மோசமாக இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். நன்றாக இருந்தது. உலர்ந்து, முரட்டுத்தனமாக, எலும்பு தெரிகிற மாதிரி நன்றாக இருந்தது. அந்தப் பனியன்காரர்கள் சொல்வது பொய்யில்லை. மூன்றாம் ஷிஃப்ட்டின் முடிவில் மட்டும், எல்லோரும் நிறுத்திய பிறகு, தூரத்தில் ஏதோ கரைகிற ஒரு சத்தம் கேட்கிறது. என் கட்டையைக் கீழே இறக்கினார்கள், அதன் எதிரொலியை அணைக்க மறந்துவிட்டார்கள். அது என்ன சத்தம் என்று இன்றைக்கும் பனியன்காரர்கள் இணையத்தில் சண்டை போடுகிறார்கள். ஒருவர் காற்று என்கிறார், ஒருவர் பெண் குரல் என்கிறார். நான் போய்ச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அப்பா வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் முதலில் பாடகர் குழுத்தலைவர் வீட்டில் நிறுத்தி, தொப்பி இன்னும் அவரிடமே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இலையுதிர் காலப் பயிற்சி அடுத்த வாரம் தொடங்குகிறது, ஏவால்ட் வந்தால் அவர் இடம் அப்படியே இருக்கிறது என்றார். என் பங்குக்கு இதையாவது சரிசெய்துவிடலாம் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. போன மானம் போகட்டும், அப்பா பாடட்டும்.

அவர் படகுத்துறையில் உட்கார்ந்து பேர்ச் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார். காதில் கருவி இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தள்ளுகட்டை, தூசு, இரண்டு மிக்ஸிங், ஜப்பான், மாரித். உங்கள் காதுக்கு ஒன்றுமே ஆகவில்லை, இந்த ஊரிலேயே சரியாகக் கேட்டது நீங்கள் ஒருவர்தான் என்று சொன்னேன். அவர் மீனின் செதிலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"நேத்து நீ இறங்கி வந்து பக்கத்துல நின்னப்பவே புரிஞ்சுச்சு" என்றார்.

"அப்ப வாங்க. தொப்பி அங்கதான் இருக்கு. அடுத்த வாரம் பயிற்சி."

"வேணாம்."

"ஏம்ப்பா?"

அவர் கத்தியைக் கடல் தண்ணீரில் அலசி, தன் கால்சட்டையில் துடைத்தார். "காது எப்படிடா திரும்புச்சுன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்லிப் பழகல. மாரித் சொன்னதுன்னு சொல்லணும். அப்புறம் இந்த ஊர்ல அவ தலைநிமிர்ந்து நடக்க முடியாது. தூர்த்தும் அவளும் நேத்து வந்து அழுதுட்டுப் போனாங்க. நான் செவிடாவே இருந்துட்டுப் போறேன்."

என்னால் நம்ப முடியவில்லை. எனக்கு முன்னாலேயே வந்து போய்விட்டார்கள். நான் காரில் உட்கார்ந்து அவர்கள் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் இங்கே வந்து அப்பாவையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அப்ப நான்? எனக்கு நடந்தது?"

"நீ தாங்குவ" என்றார்.

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்றுவரை அந்த வார்த்தையை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பிள்ளையின் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் உண்மையை எடுத்துக்கொண்டார். அதற்குத் தன் பாட்டையும் சேர்த்துக் கொடுத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஜப்பானுக்கு நான் போகவில்லை. யொத்தெபோரி நகரத்திலிருந்து ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவன் என் மெட்டுகளைத் தப்பில்லாமல் வாசித்தானாம். ஆல்பம் இங்கே வந்த சுவடு தெரியாமல் போயிற்று. பெட்ரோல் பங்க்கின் தள்ளுபடிக் கூடையில் மட்டும் ரொம்ப நாள் கிடந்தது. ஜப்பானிலும் பெரிதாக ஓடவில்லை, எங்களை நினைவு வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். யாருக்காக எல்லோரும் பொய் சொன்னார்களோ, அந்தக் கடைசி வாய்ப்பும் கைகூடவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு மாரித் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். அப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, நீ வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்றார். அவர் போகாவிட்டால் ஏன் என்று மாரித்தின் குழந்தைகள் கேட்கும். போனேன். மேஜையில் பன்றித்தொடை, ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீன், அடுப்பில் வைத்துச் சுட்ட உருளைக்கிழங்கு எல்லாம் இருந்தது. தூர்த் என் கண்ணைப் பார்க்காமல் எனக்கு ஸ்னாப்ஸ் ஊற்றினான். அப்பா மேஜையின் தலைமாட்டில் கருவியோடு உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். குழந்தைகள் கையைக் குவித்து அவர் காதருகில் கத்தின. தூர்த், ஹெர்ரிங் வேண்டுமா என்று கத்தினான். அப்பா, "என்ன?" என்றார். மாரித் குனிந்து ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னாள். அவர் இப்போதுதான் கேட்டதுபோலத் தலையாட்டினார். பொய் சொல்லிப் பழகாதவர் அதை நன்றாகவே செய்தார். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் எழுந்து நின்று வழக்கமான பாட்டைப் பாடினோம். அவர் மட்டும் வாயைத் திறக்காமல் எங்கள் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம். உருளைக்கிழங்குப் பாத்திரம் அவர் பக்கத்தில் இருந்தது. எனக்கு வேண்டும். சாதாரணக் குரலில் கேட்டால் அவருக்குக் கேட்கும், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாரித்துக்கும் தெரியும். குழந்தைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்பாவும் என்னைப் பார்த்தார். கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"அப்பா, அந்த உருளைக்கிழங்க இப்படித் தள்ளுங்க" என்று நானும் கத்தினேன்.